சுணங்கி வந்த சுரங்கள்

அக்கா,

இந்த வருடத்தின் முதல் குளிர் நாள் நேற்று வந்தது. காலையில் எழுந்து சுவரோரம் இருக்கும் மின்சார ஹீற்றரின் குமிழைத் திருகினேன். கோடை முழுதும் அதன் தகடுகளில் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகும் மணம் அறையெங்கும் பரவியது. மொன்றியலில் எல்லா வீடுகளிலும் வருடத்தில் ஒரு நாள் இந்த மணம் வரும், யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. எனக்கு மட்டும் காலை உணவு இறங்கவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது, அதன் பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து வந்த மணமும் இதுதான். உங்களுக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்து, எழுதாமல் விட்டிருக்கிறேன். நேற்று வேலைக்குப் போகவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் சந்தித்தது பிரெஞ்சு வகுப்பில். புதிதாக வந்தவர்களுக்கென்று பகலில் நடக்கும் வகுப்பு. நீங்களும் நானும் கடைசி வரிசை. ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, சொந்த நாட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் முறை வந்தபோது உங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை. மேசையை உங்கள் பக்கம் இழுத்து, அதன்மேல் இரண்டு கைகளாலும் ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினீர்கள். கீழே கால்களும் மிதித்துக்கொண்டிருந்தன. வகுப்பே கை தட்டியது. இடைவேளையில் என்னிடம் வந்து நின்றீர்கள்.

"நீர் மட்டும் ஏன் கை தட்டேல்லை?"

"நீங்கள் வாசிச்சது எனக்கொண்டும் கேக்கேல்லையே."

ஒரு கணம் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குச் சுமதி, நீங்கள் எனக்கு அக்கா. என்னைவிட ஆறு வயது மூப்பு என்றாலும் நீங்கள் என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. 'நீர்' என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்தச் சொல்லை இப்போது யாரும் என்னிடம் சொல்வதில்லை.

மன்னாரில் உங்கள் ஊர் மாதா கோயிலில், காலால் மிதித்து வாசிக்கும் ஓகனைப் பல வருடம் வாசித்திருக்கிறீர்கள். பிறகு இடம்பெயர்வு, முகாம், கொழும்பு, கனடா. அந்தக் காலம் முழுவதும் கையில் வாத்தியம் எதுவும் இல்லை. மொன்றியலின் லாசால் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் உங்கள் கணவர் ஞானம் அண்ணையும் நீங்களும் மட்டும். அண்ணை பேக்கரியில் அதிகாலை வேலை. நீங்கள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் போடும் தொழிற்சாலை. மாதம் ஒரு முறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு ஒரு சின்ன மின்கீபோட் தந்திருந்தார்கள். அதில் ஓகன் என்று ஒரு பொத்தான் இருந்தது. "அதை அமத்தினால் ஐஸ்கிறீம் வான் வாற சத்தம் வருது," என்பீர்கள்.

தலைக்குள் எட்டு மெட்டுகள் இருப்பதாக ஒரு நாள் பேருந்தில் சொன்னீர்கள். எல்லாம் நீங்களே கட்டியவை. வாத்தியம் இல்லாமல் இருந்த காலத்தில், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் துணி துவைக்கும்போதும் கட்டியவை. வயலின் கூட்டம் எங்கே வர வேண்டும், புல்லாங்குழல் எங்கே நுழைய வேண்டும், ஓகனின் அடிக்குரல் எங்கே நிலத்தை உலுக்க வேண்டும் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை பேரை எங்கே போய்ச் சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

"அவ்வளவும் ஒரு கொம்பியூட்டருக்குள்ளை இருக்கு, அக்கா," என்றேன்.

நீங்கள் நம்பவில்லை. எனக்கு இசை தெரியாது. ஆனால் கணினிப் பராமரிப்பில் ஒரு பயிற்சி முடித்து, ஒரு கம்பனியில் கணினிகள் பழுதானால் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஐந்து வருடப் பழசு. மூடியின் இரண்டு பிணைச்சல்களில் ஒன்று உடைந்திருந்தது. நாற்பத்தொன்பது கட்டைகள் கொண்ட ஒரு சின்ன கீபோட்டை, யாரோ விற்றதை, நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தேடிப் பிடித்தேன். சிந்தசைசர் மென்பொருள்கள் இரண்டை அதில் ஏற்றினேன். ஒன்றில் தந்தி வாத்தியங்களும் குழலும் பியானோவும், மற்றதில் பைப் ஓகன். இரண்டையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் லாசாலுக்கு வந்து உங்கள் மேசையில் வைத்தேன்.

முதல் கட்டையை அமத்தினீர்கள். ஓகன் சத்தம் வந்தது. அறையே நிறைந்தது. நீங்கள் கையை எடுத்துவிட்டுக் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு பத்து விரல்களையும் வைத்து ஒரு முழுக் குரலை எடுத்தீர்கள். மெசின் பொரியத் தொடங்கியது. சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிச் சத்தம். பிறகு அப்படியே நின்றுவிட்டது.

அந்த மென்பொருள்கள் ஒவ்வொரு சுரத்தையும் அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டு உருவாக்குகின்றன. பத்து விரலுக்குப் பத்துச் சுரம், சுரம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே எட்டுக் குரல். அந்தக் கிழட்டு மெசினால் ஏலாது. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துப் பிறகு வெளியே விடும்படி அமைப்பை மாற்றினேன். பொரியல் நின்றது. ஆனால் நீங்கள் கட்டையை அமத்தி ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

"இதென்ன, ஊருக்கு ரெலிபோன் எடுத்த மாதிரிக் கிடக்கு. நான் கேட்டு முடிஞ்சு, அங்காலை யோசிச்சு, பேந்துதான் மறுமொழி வருது. சுணக்கம் கூட, சுமதி."

சுணக்கம். அந்தச் சொல்தான் எங்களுக்குள் நிலைத்தது. சுணக்கத்தைக் குறைத்தால் பொரியும். பொரியலைக் குறைத்தால் சுணங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடித்தான் அந்தக் குளிர்காலத்தின் சனிக்கிழமைகள் எல்லாம் போயின. தேவையில்லாத நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஒலிக்கென்று வேறொரு இயக்கி போட்டேன். சூடேறினால் மெசின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நீங்கள் குசினிக்குப் போய்ப் பிரம்பு இடியாப்பத் தட்டு நாலைக் கொண்டுவந்து அதன் கீழே அடுக்கினீர்கள். அதுவும் போதாமல் போக, மேசையைப் பல்கனிக் கதவடிக்கு இழுத்துக் கதவை ஒரு சாண் திறந்துவிட்டோம். தை மாதக் குளிர். நீங்கள் மேற்கோட்டும் தொப்பியுமாக இருந்து ஓகன் வாசித்தீர்கள். ஞானம் அண்ணை வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்று எங்களைப் பார்த்தார்.

"மெசினுக்குக் காய்ச்சலோ, உங்கள் ரெண்டு பேருக்குமோ?"

கடைசியில் ஒரு வழி பிடித்தோம். ஒரு வாத்தியத்தை வாசித்து முடித்ததும் அதை அப்படியே ஒலிக்கோப்பாக மாற்றி, அந்தச் சிந்தசைசரை அணைத்துவிடுவது. பிறகு அடுத்த வாத்தியம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கும், மற்றதெல்லாம் பதிவாக ஓடும். அந்தத் தொழிலில் இதற்கு உறையவைத்தல் என்று பெயர். நான் சொன்னதும் கையுறையைக் கழற்றியபடி சிரித்தீர்கள். "இந்த ஊரிலை எல்லாத்தையும் அதுதானே செய்யினம்."

முதல் மெட்டு முடிந்த அன்று மன்னாருக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். ரிசீவரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நாலு நிமிடம் கையை அசைக்கவில்லை. முடிந்ததும் காதில் வைத்தீர்கள். உங்கள் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஆர் பிள்ளை வாசிக்கிறது? கோயில்லை எத்தினை பேர் நிக்கினம்?"

"நான் ஒராள்தான் அம்மா. நான் மட்டும்தான்."

சொல்லிவிட்டு அழுதீர்கள். உங்களை நான் அழக் கண்டது மொத்தம் இரண்டு தடவை. அது முதலாவது.

அடுத்த குளிர்காலத்தில் பெரிய மெட்டைத் தொடங்கினீர்கள். ஆவணியில் வரும் மாதா திருநாளுக்கு, பாடகர் குழு பாடப் பின்னால் அது ஒலிக்க வேண்டும் என்று பங்குச் சுவாமி கேட்டிருந்தார். பதினொரு வாத்தியங்கள். வலது கைக்கு வேகமான ஓட்டம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை வாசிப்பை நிறுத்திவிட்டுக் கீபோட்டைப் பார்த்தீர்கள்.

"திரும்பச் சுணங்குது."

நான் அமைப்பைச் சரிபார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனாலும் சுணக்கத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டேன். "இப்ப பரவாயில்லை," என்றீர்கள். அடுத்த கிழமை மறுபடியும். நினைவகத்தைக் கூட்டினேன். வெளியே பூட்டும் ஒலிப்பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டினேன். மென்பொருள் முழுவதையும் அழித்துத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கிழமை நன்றாக இருக்கும், பிறகு அதே முறைப்பாடு. எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்த மெசினை வெல்லாமல் விடுவதில்லை என்று நினைத்தேன். நீங்கள் கட்டையில் கை வைக்கும்போது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. உங்கள் கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

ஆனி மாதத்தில் கணினியை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கட்டையை அமத்தும்போது வரும் 'டக்' என்ற சத்தத்தையும், பின்னால் வரும் சுரத்தையும் ஒரே மைக்கில் பதிவுசெய்து இடைவெளியை அளந்தேன். காதால் பிரித்தறிய முடியாத அளவு. திரும்பத் திரும்ப அளந்தேன். மெசினில் சுணக்கமே இல்லை. இசையறிவே இல்லாத நான் தாளத்துக்கு அமத்திப் பார்த்தேன். என் சுரங்கள் கோட்டிலேயே விழுந்தன.

பிறகுதான் உங்கள் கோப்புகளைத் திறந்தேன். அந்தச் சின்ன கீபோட் சத்தத்தை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தமாக என்பதை மட்டும் அனுப்பும். கணினி அதைக் கட்டம் போட்ட தாளில் சின்னச் சின்னக் கோடுகளாக வரைந்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசித்ததை நான் திகதி போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். வரிசையாகத் திறந்தேன். தை மாதத்தில் எல்லாக் கோடுகளும் கட்டத்தில் இருந்தன. பங்குனியில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் ஒரு மயிரிழை தள்ளி. சித்திரையில் இன்னும் கொஞ்சம். வைகாசியில் மூன்று விரல்கள், அழுத்தமும் பாதி. இடது கை மட்டும் ஒரு கோடு பிசகவில்லை. யாரோ உங்களைக் கிழமைக்குக் கிழமை பரிசோதித்து எழுதிவைத்த மாதிரி அது என் முன்னால் இருந்தது.

அந்த நேரமே ரெலிபோனை எடுத்திருக்க வேண்டும். "அக்கா, மெசினிலை பிழையில்லை, கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. களைப்பாக இருக்கும், தொழிற்சாலையில் பெட்டி தூக்கிய நோவாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். திருநாள் முடியட்டும் என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பயத்தில் நான் வேறொன்றைச் செய்தேன். உங்கள் வலது கையின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக் கட்டத்துக்குள் வைத்தேன். அழுத்தத்தையும் கூட்டிவிட்டேன். இரண்டு பகல் ஆனது. சேமித்தேன்.

அதோடு நிற்கவில்லை. தையிலிருந்து ஆனி வரைக்கும் இருந்த பழைய கோப்புகள் அத்தனையையும் அழித்தேன். இடம் போதவில்லை என்று இப்போது சொல்லித் தப்ப முடியாது. அந்தக் கோடுகள் இடமே பிடிப்பதில்லை. நீங்கள் தற்செயலாகத் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போட்டுக் காட்டினேன். நீங்கள் கடைசி வரை கேட்டுவிட்டு, "மெசினைத் திருத்திப்போட்டீரே?" என்றீர்கள்.

"ஓம் அக்கா. ஒரு செற்றிங்ஸ் பிழையா இருந்தது."

"நல்லது," என்றீர்கள். அதன்பிறகு நீங்கள் வாசித்த ஒவ்வொரு வாத்தியத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தி, உறையவைத்து, சீடியில் ஏற்றினேன். ஆடியில் சோற்றுப் பானை உங்கள் கையிலிருந்து நழுவிக் காலில் கொட்டியது. கஞ்சி சுட்டதற்கு மருந்து கட்டிக்கொண்டீர்கள். பானை ஏன் நழுவியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திருநாளன்று கோயில் நிரம்பியிருந்தது. ஓகனின் அடிக்குரல் வந்தபோது முன்வரிசையில் இருந்த சனம் திரும்பி மேலே பார்த்தது. பூசை முடிந்து எல்லோரும் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "வலது கை என்ன ஓட்டம், அக்கா!" என்று பாடகர் குழுவில் ஒருத்தி சொன்னாள். நீங்கள் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அன்று பிடிபடவில்லை.

கார்த்திகையில் நரம்பு வைத்தியரிடம் போனோம். அண்ணைக்கு வேலை. மொழிபெயர்க்க நான் கூட வந்தேன். வைத்தியர் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எப்போது தொடங்கியது என்று பிரெஞ்சில் கேட்டார். நான் உங்களிடம் கேட்டேன்.

"ஆடியிலை, பானை விழுந்த அண்டைக்கு," என்றீர்கள், என்னை நேராகப் பார்த்தபடி.

எனக்கு மாதமும் கிழமையும் தெரியும். எந்த விரலில் தொடங்கியது என்பதும் தெரியும். வைத்தியர் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். "ஜூலை," என்று மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு வந்திருக்கும் வருத்தத்தின், அந்த நரம்பு நோயின், பெயரைச் சொன்னார். கை, பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று ஒழுங்காகச் சொன்னார். அதை முழுவதும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று நானாகவே கேட்டேன். இல்லை, இதை நிறுத்தும் மருந்து இல்லை என்றார். அந்த மறுமொழியை இத்தனை வருடமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அது என்னை ஆற்றவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் சனம் குறைவு. யன்னலோரம் நீங்கள். இரண்டு தரிப்பு கழிந்தபின் மெல்லக் கேட்டீர்கள்.

"பங்குனியிலை தொடங்கினது எண்டு ஏன் சொல்லேல்லை?"

நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வாசிச்சது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ, சுமதி? நீர் போட்டுக் காட்டினது ஆரோ வாசிச்ச மாதிரி இருந்தது. வடிவாத்தான் இருந்தது. ஆனா அது நானில்லை."

"அப்ப ஏன் அக்கா நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் மெசினைத் திருத்திக்கொண்டு இருக்கும் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை எண்டு இருந்தது. நீர் விட்டிட்டால் பேந்து வருத்தம் எனக்குத்தானே."

பேருந்து ஒரு விளக்கில் நின்றது. நீங்கள் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"பழையதை எனக்குப் போட்டுக் காட்டும். சுணங்கினாலும் பரவாயில்லை. என்ரை கை கடைசியா ஓடினது அதிலைதானே கிடக்கு."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன். நீங்கள் யன்னல் பக்கம் திரும்பினீர்கள். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இறங்கும் தரிப்பில் எழும்பி நின்றுகொண்டு சொன்னீர்கள். "அது பிழை, சுமதி. அது நீர் செய்திருக்கக் கூடாது." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மூன்று கிழமை நீங்கள் ரெலிபோன் எடுக்கவில்லை. நானும் எடுக்கத் துணியவில்லை. நாலாவது கிழமை எடுத்தீர்கள். "வாரும். இடது கை இருக்கேக்கை வாரும்."

வந்தேன். ஓகன் வேண்டாம், வயலின் வேண்டாம், ஒரு பியானோ மட்டும் போதும் என்றீர்கள். தலைக்குள் இருந்த எட்டாவது மெட்டை இடது கை ஒன்றாலேயே வாசிப்பதற்கு மாற்றியிருந்தீர்கள். மேலே போகும் சுரத்துக்குக் கை தாண்டிப் போய், பிறகு அடிக்குரலுக்கு ஓடி வர வேண்டும். அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் இல்லாததால் அந்தக் கிழட்டு மெசின் அலட்டிக்கொள்ளவே இல்லை. பொரியலும் இல்லை, சுணக்கமும் இல்லை. உள்விசிறி கூடச் சுழலவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அது திணறிக்கொண்டு ஓடிய நாட்களை நினைத்தேன்.

பதிவு முடிந்ததும் சுட்டியை என் கையிலிருந்து தள்ளி வைத்தீர்கள்.

"ஒண்டையும் தொடக்கூடாது."

"தொடமாட்டன் அக்கா."

"சத்தியமே?"

"சத்தியம்."

தையிலும் மாசியிலும் இன்னும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தீர்கள். பிறகு இடது கையும் விட்டது. அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஞானம் அண்ணை பேக்கரி வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டார். பேச்சுப் போன பிறகு நான் வந்து பக்கத்தில் இருந்து பிரெஞ்சு வகுப்புக் கதைகளைச் சொல்வேன். நீங்கள் கண்ணால் சிரிப்பீர்கள். மறு வருட மார்கழியில், பனி கொட்டிய ஒரு மத்தியானம், போய்விட்டீர்கள்.

அடக்கப் பூசைக்குத் திருநாளில் போட்ட சீடியைக் கொண்டுவரும்படி அண்ணை சொன்னார். "எல்லாரும் அவவை அப்பிடி நினைச்சுக்கொள்ளட்டும்," என்றார். அந்த நேரத்தில் அவரிடம் எதைச் சொல்வது? கொண்டுவந்து கொடுத்தேன். பதினொரு வாத்தியமும் கோயிலை உலுக்கின. சனம் அழுதது. நான் கட்டத்துக்குள் இழுத்து வைத்த ஒவ்வொரு சுரமும் வந்து விழுந்தபோது எனக்கு மட்டும் தெரிந்தது, அந்தப் பெட்டிக்குள் கிடப்பவரின் கை அதில் இல்லை என்று.

அதைச் சுமந்துகொண்டு இரண்டு மாதம்தான் இருக்க முடிந்தது. ஒரு ஞாயிறு அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்து வைத்தது, அழித்தது, வைத்தியரிடம் சொன்ன பொய், எல்லாம். இடது கையால் வாசித்ததைப் போடச் சொன்னார். குசினிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். கை தாண்டிப் போகும் இடத்தில் அந்த இடைவெளி வந்தது.

"இதிலை சுணங்குது, என்ன?"

"ஓம் அண்ணை."

"இருக்கட்டும்," என்றார். முடிந்ததும், "திரும்பப் போடும்," என்றார். அன்று பொழுதுபடும் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். என்னை மன்னித்தாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவர் பியர்பொன்ட்ஸில் தன் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். கிறிஸ்மஸ் பெருநாளுக்குப் போனால் எனக்கென்று கேக் வெட்டி எடுத்து வைத்திருப்பார்.

இனிச் சொல்லப்போவதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அக்கா. இந்த வைகாசியில் நடந்தது.

எங்கள் கம்பனியில் கணினியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தட்டச்சடிக்கும் ஒருவர் இருக்கிறார். ஓய்வுக்குக் கிட்டிய வயது, இந்த ஊர்க்காரர். கீபோட் சுணங்குகிறது என்று மூன்று முறை முறைப்பாடு அனுப்பினார். நான் போய் மாற்றிக் கொடுத்தேன். நாலாவது முறை எழுதியபோது, கருவி எதையும் எடுக்காமல் போய் அவர் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அடிக்கச் சொன்னேன். திரையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கணினியில் பிழை இல்லை, ஐயா. உங்கள் வலது கை பிந்துகிறது. தயவுசெய்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. மெசினைத் திருத்தத்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்றார். என் மேலதிகாரிக்கும் எழுதிப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுக்க வேண்டி வந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதம் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்து நடைவழியால் போனார். எனக்கு அது பெரிதாக நோகவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் வந்து என் அறை வாசலில் நின்றார். சாப்பாட்டுப் பெட்டி கையில் இருந்தது. வைத்தியரிடம் போனதாகவும், இன்னும் பரிசோதனைகள் இருப்பதாகவும், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு, உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அவரை இருக்கச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன். அவரால் அதைச் சரியாக உச்சரிக்க முடியவில்லை. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு உங்களைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். அழித்ததையும் மறைக்கவில்லை.